முதுகைக் காட்டி நின்ற ஸ்டேசன் மாஸ்டர்

அப்பா அந்தப் பேய்த்தொடரின் ஒரு காட்சியைக்கூட அந்த நாட்களில் பார்த்ததில்லை. பன்னிரண்டு கிழமைகள் நாங்கள் பார்த்தோம். அந்தப் பன்னிரண்டு கிழமைகளும் அவர் யன்னலுக்கு அந்தப் பக்கம், முற்றத்தில், அன்ரெனாக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். குழாய் பிடிப்பது அப்பாவின் வேலை, பார்ப்பது எங்களுடைய வேலை என்றுதான் நானும் தம்பியும் நினைத்திருந்தோம். பிள்ளைகள் செய்கிற அநியாயத்துக்கு அளவில்லை.

அப்போது பரந்தனில் இருந்தோம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு எட்டு. அப்பா தொழிற்சாலையில் குழாய் பொருத்துகிறவர். எங்களிடம் கார் பற்றரியில் ஓடுகிற ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி இருந்தது. கடலைத் தாண்டி இந்தியாவிலிருந்து வருகிற அலையைப் பிடிக்க ஊரில் ஆளாளுக்கு உயரமான குழாய்கள் நட்டிருந்தார்கள். அப்பா நட்டதுதான் எல்லாவற்றிலும் உயரம். அடியில் ஒரு வளையம் வைத்து, கையால் திருப்பக்கூடியதாகச் செய்திருந்தார். திரும்பும், ஆனால் திருப்பிய இடத்தில் நிற்காது. கையை எடுத்தால் காற்று அதைத் தன் பாட்டுக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே வியாழக்கிழமைகளில் பொழுதுபடுகிற நேரம் அவர் அதோடு நின்றே ஆகவேண்டும். தன் கெட்டித்தனத்தில் தானே மாட்டிக்கொண்ட மனிதர் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

தொடர் இந்தியில் போனது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. கதையை நாங்களே கட்டிக்கொண்டோம். மலைப்பக்கம் ஒரு சின்ன ரயில் நிலையம். கிழமைக்கு ஒரு பயணி அங்கே தனியாக இறங்குவார். மேடையின் கடைசியில் ஸ்டேசன் மாஸ்டர் கையில் விளக்கோடு முதுகைக் காட்டி நிற்பார். பயணி கிட்டப்போய் ஏதோ கேட்பார். ஸ்டேசன் மாஸ்டர் மெல்லத் திரும்புவார். பயணி கத்துவார். அடுத்த கிழமை வேறொரு பயணி இறங்குவார்.

அந்த முகத்தை மட்டும் நாங்கள் ஒருநாளும் காணவில்லை. அவர் திரும்பத் தொடங்குவார், காது தெரியும், கன்னத்தின் ஓரம் தெரியும், அதோடு திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் சோவென்று கொட்டத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் அரிசி.

“அப்பா, அரிசி கொட்டுது! திருப்புங்கோ!”

யன்னலுக்கு வெளியே இருந்து அவருடைய குரல் வரும். “இப்ப?”

“இல்லை!”

“இப்ப?”

“இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஓம் அப்பா, இப்ப வடிவாத் தெரியுது!”

“அப்ப விடட்டே?”

“விடாதேங்கோ! விடாதேங்கோ அப்பா!”

படம் திரும்பி வரும்போது மேடையில் விளக்கு மட்டும் இருக்கும். நானும் தம்பியும் பாயில் படுத்திருந்து அந்த முகத்தை உண்டாக்குவோம். தம்பி அதற்குப் பல்லு வைப்பான், நாக்கு வைப்பான், போதாதென்று கொம்பும் வைப்பான். எனக்கு அதெல்லாம் சின்னப்பிள்ளை வேலையாகத் தெரிந்தது. நான் அந்த முகத்திலிருந்து கண்களை எடுத்துவிடுவேன். அவ்வளவுதான். தம்பி போர்வையை இழுத்து மூடிக்கொள்வான்.

பன்னிரண்டாவது கிழமை முடிகிற இடத்தில் ஸ்டேசன் மாஸ்டர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை தன்னுடைய முகத்தைத் தானே பார்க்கப்போகிறார், அதோடு தொடர் முடியப்போகிறது என்று மொழி தெரியாமலே எங்களுக்கு விளங்கியது. அந்த வியாழக்கிழமை வருவதற்கு முன் சண்டைக்குப் பயந்து பரந்தனை விட்டு வெளிக்கிட்டோம். பற்றரியைச் சைக்கிளில் கட்டினோம், தொலைக்காட்சியை விட்டுவிட்டோம். சந்தி தாண்டும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். குழாய் மட்டும் மரங்களுக்கு மேலால் தெரிந்துகொண்டிருந்தது.

*

பிறகு எங்கெங்கோ இருந்துவிட்டு வட்டக்கச்சியில் வந்து நின்றோம். தம்பி கனடாவுக்குப் போனான். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். சண்டை நின்று பாதை திறந்த காலத்தில் ஒருநாள் அப்பா வாசற்கதவின் நிலையில் தோளை இடித்துக்கொண்டார். அடுத்த நாளும் இடித்தார். கண்ணைக் காட்ட வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுக்கொண்டு வருகிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டுமருந்து விட்டுக் கொஞ்சக் காலம் வைத்திருக்கலாம் என்றார் டொக்டர். ஓரங்களில் தொடங்கி நடுவுக்கு வருகிற நோயாம் அது.

அப்பா இதைத் தன் தொழிலை வைத்து விளங்கிக்கொண்டார்.

“குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரிக் கிடக்கு பிள்ளை,” என்றார். “இப்ப ஒரு ரெண்டு இஞ்சிக் குழாய் எண்டு வைச்சுக்கொள்ளன்.”

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டின் அளவு. காலையில் அம்மா தேத்தண்ணியைக் கையில் கொடுத்துக்கொண்டே “இண்டைக்கு எத்தினை?” என்று கேட்பார். அப்பா கிணற்றடிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு “ரெண்டுதான்” என்பார், அல்லது “ரெண்டுக்குக் கொஞ்சம் குறைவு” என்பார். மற்ற வீடுகளில் மழையைப் பற்றிக் கதைப்பதுபோல நாங்கள் அதைப் பற்றிக் கதைத்தோம்.

வவுனியாவிலிருந்து திரும்பி வந்த அந்த பஸ்ஸில்தான் அப்பா கேட்டார்.

“அந்த ஸ்டேசன் மாஸ்டரின்ர முகம் கடைசியில எப்பிடி இருந்ததாம்?”

“எந்த ஸ்டேசன் மாஸ்டர்?”

“வியாழக்கிழமை நாடகம். நான் குழாய் பிடிச்சனான்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “சத்தம் மட்டும்தான் கேட்டனான் பிள்ளை. ஒருக்காலும் பாக்கேல்லை. கண் இருக்கேக்க ஒருக்காப் பாத்தா நல்லது.”

கோயிலுக்குப் போகவேண்டும் என்றிருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். மகனைப் பார்க்கவேண்டும் என்றிருந்தால் அவனைத் திட்டி வரச்செய்திருப்பேன். மனிதர் கேட்டது ஒரு பேய்நாடகம். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்தக் கண்களை எடுத்தவள் நான்தானே என்ற பைத்தியக்கார எண்ணம் வேறு வந்து நெஞ்சில் குந்திக்கொண்டது. பாயில் படுத்திருந்து பத்து வயதில் செய்த விளையாட்டு. படிப்பிக்கிற ஒருத்தி இப்படி நினைக்கலாமா என்று என்னையே ஏசினேன். ஆனாலும் அது எழும்பிப் போகவில்லை.

கிளிநொச்சியில் தொலைபேசி நிலையம் ஒன்றிலிருந்து தம்பிக்கு எடுத்தேன். அவனும் முதலில் சிரித்தான், பிறகு தேடிப்பார்க்கிறேன் என்றான். சில மாதங்கள் கழித்து, திருவிழாவுக்கு ஊர் வந்த ஒருவரின் கையில் ஏழு வீடியோக் கசெட்டுகள் வந்தன. அங்கே இந்திக்காரக் கடை ஒன்றில் தேடிப்பிடித்திருந்தான். முதல் ஆறில் இரண்டிரண்டு கிழமைகள். ஏழாவதில் கடைசிக் கிழமை தனியாக இருந்தது.

அதற்குள் ஊரெல்லாம் சீடி வந்துவிட்டது. கசெட் போடுகிற டெக் தேடி நான் அலைந்தேன். கிளிநொச்சிக் கடைக்காரர் ஒருவர் மூலையில் கிடந்த டெக்கைத் தூசு தட்டி எடுத்துவிட்டு, கனடாக் கசெட் என்று கேட்டதும் முகத்தைத் தொங்கப்போட்டார்.

“அப்ப கலர் வராது ரீச்சர். அங்கத்தைக் கசெட் இங்கத்தை டெக்கில கறுப்பு வெள்ளையாத்தான் ஓடும். ஓடினதே பெரிய காரியம் எண்டு நினைக்கவேணும்.”

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. அந்தத் தொடர் கலரில் எடுத்தது என்று தம்பி சொல்லியிருந்தான். ஸ்டேசன் மாஸ்டரின் சட்டை நீலமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் உள்ளூரப் பயந்துகொண்டிருந்தேன். டெக்கைப் பெட்சீற்றில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டி, பிள்ளையைக் கொண்டுபோவதுபோல உருட்டிக்கொண்டே வட்டக்கச்சி வந்து சேர்ந்தேன்.

வீட்டில் கறண்ட் இல்லை. பக்கத்து வளவில் நெல்லுக் குத்துகிற மில் இருந்தது. மில்காரர் தன் எஞ்சினோடு ஒரு டைனமோவைப் பூட்டி, வேலிக்கு மேலால் எங்களுக்கு ஒரு வயர் இழுத்து, தன் பழைய தொலைக்காட்சியையும் இரவல் தந்தார். மில் ஓடினால் எங்களுக்குப் படம் ஓடும். மூட்டை முடிந்தால் பேயும் நின்றுவிடும்.

*

முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யன்னல்களுக்கு அம்மாவின் சேலைகளைக் கட்டினோம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே சேலையின் நிறத்தில் ஒரு மங்கல் வெளிச்சம். மில் நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. அவித்த நெல்லின் வாசம் வீடெல்லாம் நிறைந்திருந்தது. அந்த வாசத்துக்குள்ளால் மலைப்பக்கத்து ரயில் வந்து நின்றது. புகை இறங்கியது. பயணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பதினைந்து வருடமாக என் தலைக்குள் நின்றுகொண்டிருந்த மேடை இது. ஆனால் அதைவிடச் சிறியது, அதைவிடச் சுத்தமானது. நான் நினைவில் வைத்திருந்த மேடையில் எப்போதும் தூறல் இருந்தது. அது தூறல் அல்ல, எங்கள் அன்ரெனா என்பது அப்போதுதான் விளங்கியது.

அப்பா கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டிருந்தார். அது சரிவரவில்லை. இரண்டு இஞ்சிக் குழாய்க்குள் ஸ்டேசன் மாஸ்டரின் தொப்பி மட்டும் வந்ததாம். எழும்பிக் கதிரையைப் பின்னால் தள்ளினார். தள்ளத் தள்ளப் படம் சிறுத்துக் குழாய்க்குள் அடங்கும் என்று கண்டுபிடித்தார். அறையின் நடுவில் போய் இருந்து, “ஆ, இப்ப முழுக்க நிக்குது” என்றார்.

ஸ்டேசன் மாஸ்டர் திரும்பத் தொடங்கினார். காது தெரிந்தது. கன்னத்தின் ஓரம் தெரிந்தது. வாசற்படியில் உட்கார்ந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். “இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது.”

அப்பாவின் இரண்டு கைகளும் முழங்காலிலிருந்து தாமாக எழுந்தன. ஒன்றின் மேல் ஒன்றாகக் காற்றைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பின.

அரிசி கொட்டவில்லை. முகம் வந்தது. மாவும் பசையும் பூசி, ஒரு பக்கப் புருவம் ஒட்டுக் கழன்ற ஒரு நடிகரின் முகம். பள்ளிக்கூடத்து நாடகத்துக்கு நானே இதைவிட நன்றாகப் பூசிவிடுவேன். ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை, அப்பாவின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பரந்தனில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அம்மா அதையே சொன்னார். தேத்தண்ணி ஆறுது. அந்த நேரத்தில் வெளியே தேத்தண்ணி எதுவும் இருந்ததேயில்லை.

“நீங்கள் ரெண்டு பேரும் வேணுமெண்டே செய்தனீங்கள்!” என்று எழும்பிவிட்டேன். “பதினைஞ்சு வருசமா நான் அன்ரெனாவை ஏசிக்கொண்டு திரியிறன்!”

அப்பா தன் கைகளையே ஒருமுறை பார்த்தார். களவு பிடிபட்டவர் போல மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்த வருசம் சந்தியில செத்துக்கிடந்த ஆளின்ர முகத்தைக் கண்டிட்டு வந்து மூண்டு மாசம் நித்திரையில கத்தினனி,” என்றார் அம்மா. இலை உருவுவதை நிறுத்தவில்லை. “அந்த ஒரு முகம் போதும் எண்டு நினைச்சம்.”

“அப்ப பாக்கவேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா பக்கத்து வீட்டை போய்ப் பாப்பியள்,” என்றார் அப்பா. “அங்கத்தைக் குழாய் என்ர கையில இல்லையே.”

அந்தச் சந்தியில் கண்டதை நான் மறந்தே போயிருந்தேன், அல்லது அப்படி நினைத்திருந்தேன். பக்கத்து வளவில் மூட்டை முடிந்தது. படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

*

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையாக என் நினைவில் கலந்துபோயிருக்கின்றன. அறுவடை முடிந்த காலத்தில் மில் விடாமல் ஓடியது, நாங்களும் விடாமல் பார்த்தோம். நெல் இல்லாத மாதங்களில் ஒரு பயணி இறங்கி மேடையில் பாதித் தூரம் நடப்பதற்குள் கறண்ட் நின்றுவிடும். அவர் அடுத்த ஞாயிறு வரை அங்கேயே நிற்பார். கிழமை நாளில் பள்ளிக்கூடத்தில் நான் கணக்குப் படிப்பிக்கும்போதும், வாய்க்கால் கரையால் சைக்கிளில் வரும்போதும், ஒரு மனிதர் பெட்டியோடு எங்கள் வீட்டில் பாதி வழியில் நிற்கிறார் என்ற நினைப்பு கூடவே வரும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாடு பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிற எவரைக் கண்டாலும் சைக்கிளை மெதுவாக்குவேன். அவர் திரும்பிப் பார்த்து “என்ன ரீச்சர்?” என்று கேட்பார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மிதிப்பேன்.

அப்பாவின் குழாய் ஒன்றரை இஞ்சி ஆனது. கதிரை அறையின் சுவரோடு போய் முட்டியது. ஒரு இஞ்சி ஆனபோது கதிரை வாசற்படியைத் தாண்டிவிட்டது. முக்கால் இஞ்சியில் சேலையை ஒதுக்கிக் கட்டிவிட்டு, முற்றத்தில் வேப்பமர நிழலில் இருந்து யன்னலுக்குள்ளால் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் இருந்தால்தான் முழுப் படமும் அவருக்கு அடங்கியது. உள்ளே நானும் அம்மாவும், யன்னலுக்கு வெளியே அப்பா. ஒருநாள் தண்ணீர் எடுக்க எழும்பியபோதுதான் எனக்கு அது சட்டென்று தெரிந்தது. மனிதர் பரந்தனில் நின்ற இடத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

ஆறு கசெட்டும் முடிந்தன. ஏழாவதை அப்பா போடவிடவில்லை.

“முதலில இருந்து ஒருக்காப் பாப்பம். கடைசி இருக்கட்டும்.”

மறுபடியும் முதலிலிருந்து பார்த்தோம். கண் போகப்போகிற மனிதர் முடிவை மிச்சம் பிடித்து வைக்கிறார். நல்ல மீன் துண்டைச் சோற்றுக்கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துச் சாப்பிடுகிற பழக்கம் அவருக்கு எப்போதும் உண்டு. நான் சத்தம் போட்டேன், கெஞ்சினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். “அது முடிஞ்சா பிறகு நான் என்னத்தைப் பாக்கிறது?” என்று ஒருநாள் கேட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். இன்றுவரை எனக்கு அந்தக் கவலை இருக்கிறது.

அம்மா தன் பங்குக்கு அந்தக் கசெட்டைப் பத்திரப்படுத்தினார். எங்கள் வீட்டில் ஆகப் பத்திரமான இடம் அரிசி போட்டுவைக்கிற தகரப் பரல். காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், அம்மாவின் இரண்டு காப்பு, எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள்தான் இருந்தன. ஓடவேண்டி வந்தால் முதலில் கை வைப்பது பரலில்தானே. கசெட்டும் அதற்குள் போனது.

பிறகு சண்டை மறுபடி தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. வவுனியாவிலிருந்து வந்த சொட்டுமருந்து ஒரு மாதத்தில் முடிந்தது. அதற்குப் பதிலாகக் கிடைத்ததை விட்டோம், சில கிழமைகள் ஒன்றுமில்லாமலும் இருந்தோம். மாரி மழை தொடங்கியது. காலையில் அம்மா “எத்தினை?” என்று கேட்க, அப்பா “அரை” என்றார். பிறகு ஒருநாள் கிணற்றடிப் பக்கம் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கேட்கவில்லை. அப்பா தேத்தண்ணிக் கோப்பையைத் தடவித் தேடினார்.

அன்றைக்குப் பின்னேரம் அவராகவே சொன்னார். “அந்தக் கசெட்டைப் போடுவம் பிள்ளை.”

“இப்ப போட்டு என்ன செய்யிறது?” என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு என் வாயையே அடிக்கலாம் போல இருந்தது.

“நீ பாத்துச் சொல்லன்,” என்றார். “முந்தியும் நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

பரலுக்குள் கைவிட்டுக் கசெட்டை எடுத்தேன். மாரிக்கு முன் காய்ந்தும் காயாததுமாகக் குத்திய அரிசி அது. பொலித்தீனுக்குள் வியர்த்திருந்தது. கசெட்டின் சின்னக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தபோது நாடாவின் ஓரம் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா வாயில் கைவைத்தார். பழந்துணியால் எட்டிய இடமெல்லாம் துடைத்தேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை.

மில் நின்று கிழமைகள் ஆகியிருந்தன. டீசல் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த நேரம். வேலிக்கு மேலால் மில்காரரிடம் கேட்பதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் நான் முடிக்கும் வரை காத்திருக்கவில்லை.

“அண்ணையின்ர கடைசிக் கசெட்டோ?” என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு நெல்மணிகூட இல்லாமல், வெறும் மில்லை ஓட்டினார்.

அப்பா கதிரையை உள்ளே கொண்டுவந்து திரைக்கு முன்னால் போட்டார். இனித் தள்ளி இருக்கத் தேவையில்லை. நான் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அம்மா வாசற்படியில். யன்னலில் சேலை கட்டவில்லை. வெளியே மழை இருட்டு, அதுவே போதுமாக இருந்தது.

படம் வந்தது. எனக்கு மூச்சும் வந்தது. இந்த முறை பயணி எவரும் இறங்கவில்லை. ரயில் நிற்காமலே போனது. நான் சொல்லிக்கொண்டு வந்தேன். மேடை வெறுமையாக இருக்கு அப்பா. விளக்கைக் கீழ வைக்கிறார். கண்ணாடியை எடுக்கிறார். இன்னும் முதுகுதான் தெரியுது. அப்பா ஒவ்வொன்றுக்கும் “ம், ம்” என்று தலையாட்டினார். கதை கேட்கிற பிள்ளையின் முகம் அவருக்கு வந்திருந்தது.

“கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்கிறார்,” என்றேன். “மெல்ல மெல்ல...”

அப்போது கொட்டத் தொடங்கியது. முதலில் திரையின் ஓரங்களில், பிறகு நடுவுக்கும். ஸ்டேசன் மாஸ்டரின் தோள் போனது, கை போனது, கண்ணாடி போனது. கடைசியில் திரை முழுக்க அரிசி. அம்மா என்னைப் பார்த்தார். எதையாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

“முகம் தெரியுது அப்பா,” என்றேன்.

“எப்பிடி?”

நான் அந்த அரிசியையே பார்த்தேன். “பயப்பிடுற மாதிரி இல்லை. சாதாரண ஆள். வயது போனவர். கன நேரம் வெளியில நிண்ட களை முகத்தில இருக்கு.” செருமிக்கொண்டேன். “கண் இருக்கு அப்பா. வடிவான கண். எல்லாத்தையும் நல்லாப் பாக்கிறார். உள்ளுக்க இருந்து ஆரோ அவரைக் கூப்பிடினம்.”

மில்லின் சத்தத்தில் திரையின் இரைச்சல் அவருக்குக் கேட்காது என்று நம்பியிருந்தேன். அப்பா தலையைச் சரித்துக் காதைக் கொடுத்தார். பன்னிரண்டு வியாழக்கிழமைகள் யன்னலுக்கு வெளியே நின்று அந்த மனிதர் காது கொடுத்துக் கேட்டது இந்த ஒரு சத்தத்தைத்தான் என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

அவருடைய கைகள் முழங்காலிலிருந்து எழுந்தன. ஒன்றின் மேல் ஒன்றாகக் காற்றைப் பிடித்தன. மெல்ல இடப்பக்கம் திருப்பினார்.

“இப்ப?”

அவர் கைகளை எடுக்காமல் காத்திருந்தார்.

“இன்னும் கொஞ்சம்,” என்றேன்.

இன்னும் கொஞ்சம் திருப்பினார். “இப்ப?”

“ஓம் அப்பா. இப்ப வடிவாத் தெரியுது.”

“அப்ப விடட்டே?”

“விடாதேங்கோ,” என்றேன். “விடாதேங்கோ அப்பா.”